பிரேக் பிடித்த குற்றம்

என்னிடம் ஒரு கார் இருக்கிறது. 'இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் போதாது; அது ஓடுகிறது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை நம் சர்க்காரும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் சேர்ந்து எனக்குக் கற்றுக் கொடுத்தன. கற்றுக்கொண்ட பாடத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருந்தால் நான் எழுத்தாளனாக இருந்து என்ன பிரயோஜனம்?

கார், 1966-ஆம் வருஷத்து ஃபியட் 1100 டிலைட். பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. பிற்பாடு இந்த வண்டிதான் மூக்கையும் முழியையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டு 'பத்மினி' என்ற பெயரில் நாடெங்கும் ஓடியது. பம்பாயில் டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த கடைசி பத்மினிகள் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது பத்திரிகைகள் எல்லாம் பத்தி பத்தியாகக் கண்ணீர் வடித்தன. செத்தவர்களுக்கு அழுவதில் நாம் என்றுமே குறை வைப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதில்தான் யோசனை வந்துவிடுகிறது.

என் தகப்பனார் இதை ஒரு டாக்டரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார். என் தங்கைகள் இருவரும் கல்யாணக் கோலத்தில் இதில்தான் ஏறினார்கள். அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் இதில்தான். அதற்காக நான் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிடவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிறேன், பெண் வீட்டுக்குப் போகிறேன், புரூஃப் திருத்த அச்சகத்துக்குப் போகிறேன். மழை பெய்தால் மழையில் போகிறேன். கார் என்பது போவதற்காக ஏற்பட்ட சாமான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் 1966-ல் செய்த வண்டியை இன்றைய சென்னைத் தெருவில் அப்படியே ஓட்டினால், அது தைரியம் அல்ல, குற்றம். அன்றைய ஃபியட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்குதான். தண்ணீரில் நனைந்தால் அந்தப் பிரேக் யோசித்து யோசித்துத்தான் பிடிக்கும். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில் போகும். எங்கேயாவது ஒரு குழாய் கசிந்தால் நான்கும் ஒரே சமயத்தில் கைவிடும். ஸீட் பெல்ட் என்பது கிடையாது. டைனமோ கொடுக்கிற மின்சாரத்தில் முன்விளக்கு எரிந்தால், விளக்கு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும்.

புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நான் அவரை 'பாய்' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். இருபது வருஷத்துப் பழக்கம். ஒரு நாள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னார்:

"சார், இந்த வண்டி ஓடறதுக்குப் பயப்படாது. நிக்கறதுக்குத்தான் பயப்படும்."

"என்ன செய்யலாம், பாய்?"

"நீங்க ஷோவுக்கு வெச்சிருந்தா ஒண்ணும் செய்ய வேணாம். ஓட்டறீங்களே!"

அந்த 'ஓட்டறீங்களே'க்காக நான் செலவு செய்தேன். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் ஆயில் தனித்தனியாகப் போகும்படி மாஸ்டர் சிலிண்டர் மாறியது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. முன் ஸீட்டுக்குப் பெல்ட், நல்ல ஹாலஜன் விளக்கு, ரேடியல் டயர், நெரிசலில் எஞ்சின் கொதிக்காமல் இருக்க ஒரு மின்விசிறி. எஞ்சின் அதே எஞ்சின், 1089 ஸி.ஸி. சாஸி அதே சாஸி. ஸ்டீரிங்கோடு ஒட்டிய அந்தக் கியர்த் தண்டு கூட அதேதான். வேகமாகப் போவதற்கு நான் ஒரு காசு செலவழிக்கவில்லை. நிற்பதற்காகவும், எதிரே வருகிறவன் கண்ணில் படுவதற்காகவும் மட்டுமே செலவழித்தேன். இதை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம். சந்திலிருந்து ஒரு பையன் சைக்கிளோடு என் முன்னால் வந்து விழுந்தான். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. பையனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தது. மறு விநாடி பின்னால் வந்த வான் ஒன்று என் வண்டியின் முதுகில் மோதிற்று. மோதியவன் மழையோடு மழையாகப் போய்விட்டான். பையன் எழுந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, "ஸாரி அங்கிள்" என்றான். டிக்கியும் பின் மட்கார்டு இரண்டும் நசுங்கிக் கிடந்தன. எனக்கு அன்று அது பெரிதாகவே தோன்றவில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று வேறு நினைத்துக்கொண்டேன்!

கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், காபி சாப்பிட்டார். பின்பக்கத்தைப் பார்க்க வந்தவர், முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது கம்பெனி பிரேக் இல்லையே, சார்?"

"இல்லை. இதைவிட நல்லது."

"நல்லதா கெட்டதாங்கறது இல்லை சார் கேள்வி. ஒரிஜினலா இல்லையாங்கறதுதான்."

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. வண்டியில் மாறுதல் செய்யப்பட்டிருக்கிறது. அது கம்பெனிக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே நஷ்ட ஈடு கொடுப்பதற்கில்லை. போதாததற்கு ஒரு வரி: மாற்றப்பட்ட பிரேக்கினால் வண்டி எதிர்பாராத விதமாகச் சீக்கிரம் நின்றதும் விபத்துக்கு ஒரு காரணமாகலாமாம்! அதாவது, நான் செய்த குற்றம் பிரேக் பிடித்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் பின்னால் வந்தவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முன்னால் கிடந்த பையனைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

என் பக்கத்துத் தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலிஸிக்கான படிவத்தில், 'வண்டியில் மாறுதல் ஏதேனும் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நேரே ஏஜெண்டு 'இல்லை' என்று எழுதியிருந்தார். எழுதியது அவர், கையெழுத்து என்னுடையது. படித்துப் பார்க்காமல் போட்டேன். இன்ஷூரன்ஸ் என்பது முழு நம்பிக்கையின் மேல் நிற்கிற ஒப்பந்தம்; தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பது அதன் முதல் தர்மம். நாவலில் ஒரு கமாவுக்காகக் கம்பாஸிட்டரோடு சண்டை போடுகிற நான், நாலு பக்கப் படிவத்தைப் படிக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயந்தான், வெட்கப்படுகிறேன்.

ஆனால் தவறுக்கும் தண்டனைக்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா? 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொந்த உபயோகத்துக்கென்று இன்ஷூர் செய்த வண்டியை வாடகைக்கு விட்டிருந்தார் ஒருவர், அது விபத்துக்குள்ளாயிற்று. அப்பட்டமான நிபந்தனை மீறல். அப்படியிருந்தும், கோரிக்கையை அடியோடு நிராகரிப்பது சரியல்ல, குறைத்தாவது கொடுக்க வேண்டும் என்றது கோர்ட்டு. இதை மேற்கோள் காட்டி மறுபடியும் எழுதினேன்.

இரண்டாவது கடிதம் வந்தது. முதல் கடிதமாவது அடித்தது. இது சிரித்துக்கொண்டே கழுத்தை நெரித்தது. விசேஷமாகக் கருதி, வண்டியை 'முழு நஷ்டம்' என்று ஏற்றுக்கொள்ளத் தயாராம்.

இந்த 'முழு நஷ்ட'த்தின் சூட்சுமத்தைச் சற்று விளக்க வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கே இது தெரியாது. ஒவ்வொரு பாலிஸியிலும் வண்டிக்கு ஒரு மதிப்புப் போட்டிருக்கும். முதல் ஐந்து வருஷத்துக்கு அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. வருஷத்துக்கு வருஷம் கழித்துக்கொண்டே வந்து, ஐந்தாம் வருஷத்தில் பாதியாக்கி விடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வாய்ப்பாடு இல்லை. கம்பெனியும் சொந்தக்காரரும் 'பரஸ்பரம் பேசி' நிர்ணயிக்க வேண்டும். எவ்வளவு அழகான வார்த்தை! என் விஷயத்தில் பரஸ்பரம் என்றால், கம்பெனியின் கம்ப்யூட்டர் 60,000 ரூபாய் என்றது, நான் தலையாட்டினேன். பிரீமியம் குறைகிறதே என்று சந்தோஷங்கூடப் பட்டேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரிப்பேர்ச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று தீர்மானித்துவிடலாம். 60,000-க்கு 75 சதவீதம் 45,000. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியின் இரும்புச் சாமான்களுக்குப் பாதி விலைதான் கொடுப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பாட்டரிக்கு எப்போதுமே பாதி. அவ்வளவும் கழித்த பிறகும், டிங்கரிங் கூலியும் பெயிண்டுமாகச் சேர்ந்து என் செலவு 48,000-ஐத் தொட்டது. ஆகவே கார் செத்துவிட்டது என்று காகிதம் சொல்லிற்று. அதுவோ என் வீட்டு வாசலில், ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆகி உறுமிக்கொண்டிருந்தது! மதிப்பைக் குறைத்துப் போட்டால் நஷ்ட ஈடு குறையும் என்பதோடு விஷயம் முடியவில்லை. ஒரு சின்ன நசுங்கலே மரண தண்டனையாகிவிடும். பணத்தை வாங்கிக்கொண்டு, ரிஜிஸ்டிரேஷனை ரத்துச் செய்துவிட்டு, வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

நான் மறுத்துவிட்டேன். சொந்தக் காசில் டிங்கரிங் செய்தேன். இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்று ஒருவர் இருக்கிறார், கட்டணமில்லாமல் விசாரிப்பார், கம்பெனி நிராகரித்த ஒரு வருஷத்துக்குள் அவரிடம் போகலாம். நான் போகவில்லை. அந்த 'இல்லை'க்குக் கீழே இருந்த என் கையெழுத்து என்னைத் தடுத்தது. வாசகர்களில் யாருக்காவது இந்த நிலை வந்தால், என்னைப்போல் சோர்ந்துவிடாமல் அவசியம் போங்கள்.

மறு வருஷம் நான் யோக்கியனாக மாறினேன். படிவத்தில் ஒவ்வொரு மாறுதலையும் வரிசையாக எழுதி, பில்லும் போட்டோவும் இணைத்து அனுப்பினேன். மூன்று நாளில் பதில் வந்தது: 'வருந்துகிறோம்.' வேறு கம்பெனிகளையும் கேட்டுப் பார்த்தேன், அவர்களும் வருந்தினார்கள். ஊரில் இத்தனை பேர் என் பொருட்டு வருந்துவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. ஆகப் பொய் சொன்ன வருஷங்களில் பாலிஸி கொடுத்தார்கள். உண்மை சொன்ன வருஷம் மறுத்தார்கள். இதிலிருந்து ஜனங்கள் என்ன நீதியைக் கற்றுக்கொள்வார்கள் என்று இந்தக் கம்பெனிகள் எண்ணிப் பார்த்ததுண்டா?

கிடைத்தது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே. அது சட்டப்படி கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி என் எஞ்சினுக்கு 3,416 ரூபாய். என் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கு அதில் ஈடு உண்டு. அந்த மட்டில் நியாயமே. என் வண்டிக்கு நேருவதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"உங்களுடையது ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியாயிற்றே! 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொண்டால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். விசாரித்தேன். 2021-ல் வந்த விதி அது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குத் தனிப் பதிவு கிடைக்கும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, வண்டி ஆதி ரூபத்தில் இருக்க வேண்டும். சாஸி, பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாறுதல் கூடாது. இரண்டு, அதைத் தினப்படி காரியங்களுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ஊர்வலப் பந்தயத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க - இதற்குத்தான் தெருவில் இறக்கலாம். அதாவது பாட்டியைப் பட்டுப்புடவை கட்டி முற்றத்தில் உட்கார வைக்கலாம். அடுப்படிக்குப் போய் ஒரு ரசம் வைக்க விடக் கூடாது!

இதற்குள் இன்னொரு வேடிக்கை. 2002-ஆம் வருஷத்து மோட்டார் டாரிஃபில் விண்டேஜ் காருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 25 சதவீதச் சலுகை சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே விண்டேஜ் என்றால் 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்த வண்டி. ஆக, போக்குவரத்து விதிக்கு என் வண்டி கிழவி, டாரிஃபுக்குக் குழந்தை. ரிஜிஸ்டிரேஷனைப் புதுப்பிக்கப் போனால் மறுபடியும் கிழவி: பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022-ல் 5,000 ஆக்கினார்கள், இருபது வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். வாங்கும்போது வயதுண்டு, கொடுக்கும்போது வயதில்லை.

மாறுதல் என்ற வார்த்தையையும் சற்று ஆராய்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்திற்று. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். சட்டத்தின் நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஊரைக் கூட்டுகிற சைலன்ஸரும், கண்ணைக் குருடாக்குகிற விளக்கும், பாடிக்கு வெளியே பிதுங்குகிற டயருமாகத் திரிகிறவர்களை அடக்கத்தான் வேண்டும். ஆனால் அதே பிரிவு, மாறுதல் என்றால் வண்டியின் அமைப்பை மாற்றி அதன் அடிப்படை அம்சத்தையே வேறாக்குவது என்றும் விளக்கம் சொல்கிறது. நல்ல பிரேக் போட்டால் காரின் அடிப்படை அம்சம் மாறிவிடுமா? நிற்பது காரின் அம்சம் இல்லையா? ஸீட் பெல்ட் கட்டிய ஃபியட், ஃபியட் இல்லாமல் போய்விடுமா? பல் கட்டிக்கொண்ட தாத்தாவை வேறு ஆள் என்று பென்ஷன் ஆபீஸில் திருப்பி அனுப்புவார்களா?

கம்பெனிக்காரர்கள் சொல்லக்கூடிய சமாதானம் எனக்குத் தெரியும். 'இப்படிப்பட்ட வண்டிகள் சொற்பம், கணக்குப் போட அனுபவம் போதாது, சாமான் கிடைப்பதில்லை, யார் எந்தச் சந்தில் என்ன மாட்டினார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?' இதில் வாஸ்தவம் உண்டு. திறமையில்லாதவன் மாட்டிய டிஸ்க் பிரேக், டிரம் பிரேக்கைவிட ஆபத்து. ஆனால் சொந்தச் சேதப் பிரீமியத்தை 2007 முதல் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று கட்டை அவிழ்த்து விட்டாயிற்றே! அபாயத்தை நிறுத்துப் பார்த்து விலை சொல்வதுதானே இவர்கள் தொழில்? அதிகமாகக் கேளுங்கள்; கொடுக்கிறேன். இஞ்சினீயரை அனுப்பிப் பரிசோதியுங்கள். அவர் கூலியையும் கொடுக்கிறேன். தராசைத் தூக்காமலே சரக்கு வேண்டாம் என்கிற வியாபாரியை என்னவென்று சொல்வது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய கார்களுக்கென்றே 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற முறை இருக்கிறது. போட்டோ, பில், மதிப்பீட்டாளர் சான்று எல்லாம் பார்த்து, வண்டி அழிந்தால் இன்ன தொகை என்று முதலிலேயே பேசி எழுதிவிடுகிறார்கள். மாறுதல்களையும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கேயும் வருஷத்துக்கு இவ்வளவு மைல்தான் ஓட்டலாம், தினப்படிக்கு வேறு கார் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கட்டுப்பாடு வைக்கிறார்கள். ஓடுகிற கிழவியிடம் எல்லா ஊரிலும் கொஞ்சம் சந்தேகந்தான். ஆனாலும் அங்கே பேச்சுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. இங்கே சுவர்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? விற்றுவிட்டுப் புதுசு வாங்கினால் என்ன? புகையாவது குறையும்" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய எஞ்சின் புதிய எஞ்சினைவிட அதிகமாகப் புகைவிடும் என்பது உண்மைதான். காலந்தவறாமல் புகைச் சோதனை செய்து சான்று வாங்குகிறேன். தவறினால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்துகிறேன். ஆனால் சர்க்கார் ரிஜிஸ்டிரேஷன் கொடுத்து, பரிசோதித்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு, 'ஓட்டலாம்' என்று முத்திரை குத்திய வண்டி அது. ஓட்டலாம் என்றால், ஜாக்கிரதையாக ஓட்டவும் விட வேண்டும்.

நான் கேட்பது சலுகை அல்ல. மூன்றே மூன்று. படிவத்தில் 'மாறுதல் உண்டா' என்று கேட்டால், 'உண்டு' என்ற பதிலுக்கும் ஒரு வழி இருக்கட்டும். பத்திரத்துக்காகச் செய்த மாறுதலையும் பகட்டுக்காகச் செய்த மாறுதலையும் பிரித்துப் பார்த்துச் சான்று கொடுக்க ஓர் ஏற்பாடு இருக்கட்டும். பரஸ்பரம் என்று எழுதியிருக்கிற இடத்தில், உண்மையாகவே இரண்டு பேர் பேசி மதிப்பைப் போடட்டும்.

அந்தப் பையன் இப்போதும் எங்கள் தெரு வழியாகத்தான் டியூஷனுக்குப் போகிறான். என் கார் வாசலில் நின்றால் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போவான். டிக்கியில் வர்ணம் கொஞ்சம் பேதமாகத் தெரிகிறது. பாய் வந்து சரிசெய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் பாலிஸி புதுப்பிக்க வேண்டும். ஏஜெண்டு போன் செய்தார். "சார், அந்தக் கேள்விக்கு 'இல்லை'ன்னே போட்டுடலாம். நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"படிவத்தைக் கொண்டு வாருங்கள், நானே எழுதுகிறேன்" என்றேன்.

இந்தத் தடவையும் 'உண்டு' என்றுதான் எழுதப் போகிறேன். வருந்துகிறவர்கள் வருந்தட்டும்.